பத்தாம் நம்பர் ஸ்பேனர்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட அது மரியாதை.

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அனுப்பிவைக்கும் ஏஜெண்ட் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டார். கால் எலும்பை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆளை உயரமாக்குகிற அறுவை சிகிச்சை. உள்ளூரில் செய்துகொண்டால் வீட்டை விற்க வேண்டும். வெளிநாடு போய்ச் செய்துகொண்டால் அடகு வைத்தால் போதும். இந்த நற்செய்தியை வாசகர் மனம் குளிரும்படி எழுத வேண்டும். "கண்ணீர் கொஞ்சம் இருக்கலாம் சார், ஆனா கடைசி பாராவுல எல்லாரும் சிரிக்கணும்" என்றார்.

உதாரணம் காட்ட ஒரு குடும்பம் வேண்டுமே என்று, அங்கே மகனோடு தங்கியிருந்த ஒரு அப்பாவின் குரல்பதிவையும் அனுப்பிவைத்தார். சின்னப் பதிவுதான். பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டுகிற சத்தம். முன்னால் ஒரு கரகரத்த குரல், பெருமையை மறைக்கத் தெரியாத குரல்: "நர்ஸ் வேணாம்னு சொல்லிட்டோம் சார். கால் கம்பியில நட்டைத் திருகறதுக்கு எதுக்கு நர்ஸ்? நான் பஸ் மெக்கானிக். இந்தக் கை வேற எதுக்கு இருக்கு?"

செலவைக் குறைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று ஏஜெண்டுக்கு ஏக சந்தோஷம். எனக்கோ அந்தக் கடைசிக் கேள்விக்கு அப்புறம் கட்டுரை நகரவில்லை. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை. அவருக்கு இப்படி எதுவும் நடந்திருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

2

தொடக்கத்துக்கு மூன்று வரிகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) 'விமானத்தின் ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் —' வேண்டாம். மேகத்தில் தொடங்குகிற கதை தரையிறங்க நேரமாகும்.

(ஆ) 'உயரம் மனதில்தான் இருக்கிறது என்பார்கள் —' யார் என்பார்கள்? உயரமானவர்கள் என்பார்கள்.

(இ) 'பணிமனையில் அவரை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.'

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். ஆள் கட்டை. ஆனால் எவ்வளவு பெரிய பஸ்ஸாக இருந்தாலும் அடியில் நுழைந்து அதை ஓட வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார் என்பதால், வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கியின் பெயர். மற்றவர்கள் முதுகை ஒடித்துக்கொண்டு குனிகிற இடத்தில் அவர் சாவகாசமாக நிமிர்ந்து நின்று வேலை பார்ப்பார். "கடவுள் என்னை பஸ்ஸுக்கு அளவெடுத்துப் படைச்சிருக்கான்" என்று சொல்லிக்கொள்வார். அடுத்தவன் கேலி செய்யுமுன் தானே செய்துவிடுவது அவருடைய தற்காப்பு. வாழ்நாள் முழுக்க அது வேலை செய்தது, மகன் வளர்கிறவரைக்கும். வளராமல் நிற்கிறவரைக்கும் என்று எழுதியிருக்க வேண்டுமோ?

3

மகனுக்கு அந்த உடம்பு அப்படியே வந்தது. அதே அகன்ற தோள், அதே கட்டைக் கால். வராமல் போனது தன்னையே கேலி செய்துகொள்கிற தைரியம்தான். செல்போன் கடையில் வேலை. மீசை வைத்துக்கொண்டு, டை கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நின்றாலும், "தம்பி, பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் வீட்டில் விஷயத்தை உடைத்தான். மருத்துவமனைப் படங்களையெல்லாம் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தான்.

"இங்க பண்ணா நம்மால தாங்க முடியாதுப்பா. வெளிநாடு போனா பாதிதான் ஆகும்."

"காலை வெட்டுவாங்களா?"

"எலும்பை மட்டும். வெட்டி, சுத்திக் கம்பி போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுப்பாங்க. நடுவுல புது எலும்பு வளந்துடும்."

"நல்லா இருக்கற காலையா வெட்டிக்கப் போறே?" என்றாள் அம்மா.

ஜாக்கி தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் உசரம் அவ்வளவு அசிங்கமாடா?" என்று கேட்டார்.

[கேட்டாரா? முதல் பிரதியில் கேட்டார். அடுத்ததில் கேட்கவில்லை. கேட்காத ஜாக்கியைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே மேலே உள்ள வரியை நீங்கள் படிக்கவில்லை.]

ஜாக்கி தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எப்ப போகணும்?" என்று கேட்டார்.

அவருக்கு வலித்தது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளை தன்னைப் போல இருக்கப் பிடிக்காமல் எலும்பை வெட்டிக்கொள்ளப் போகிறான் என்றால் எந்த அப்பனுக்கும் வலிக்கும். அதைவிட, அவன் படுகிற பாட்டுக்கெல்லாம் தன் உடம்புதான் காரணம் என்ற எண்ணம் அவரை அரித்தது. கொடுத்தவன் நான், சரிசெய்து கொடுக்க வேண்டியவனும் நான் என்று முடிவு செய்துகொண்டார். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தோடும் மகனோடும் விமானம் ஏறினார்.

4

(அறுவை சிகிச்சையை விவரித்து இங்கே ஒரு பகுதி இருந்தது. படித்துப் பார்த்த என் மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனாள். நீக்கிவிட்டேன்.)

5

மருத்துவமனையிலேயே தங்கினால் கட்டுப்படியாகாது. பக்கத்துத் தெருவில் ஒரு விடுதி அறை எடுத்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மின்அடுப்பு, துணி காயப்போட நாற்காலியின் முதுகு. மகனின் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் காலுக்கொரு கூண்டு: இரும்பு வளையங்கள், வளையங்களை இணைக்கிற, திருகுமரையும் நட்டும் போட்ட கம்பிகள், தோலைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குள் போகிற ஊசிக் கம்பிகள்.

ஜாக்கி முதல் நாள் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. தெரியாத ஊர், புரியாத பேச்சு*, நடுவில் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள். நட்டின் அளவைக் கண்ணாலேயே சொன்னார். "பத்தாம் நம்பர்டா! நம்ம பத்தாம் நம்பர் ஸ்பேனர்!"

* புரியாத பேச்சு என்றேனே தவிர, இந்தக் கதையில் டாக்டரும் நர்ஸும் தமிழில்தான் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் நிறுத்தினால் அவருக்கும் ஒரு குடும்பம், ஒரு கவலை என்று வைக்க வேண்டியிருக்கும்.

நர்ஸ் செய்து காட்டினாள். ஒரு முழுச் சுற்றில் நாலில் ஒரு பங்கு மட்டும் நட்டைத் திருக வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை. நான்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர்.

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எலும்பு அந்த வேகத்துலதான் வளரும். நீங்க அவசரப்பட்டா அது உங்க பின்னால ஓடி வராது. நட்டு மேல மை வெச்சு அடையாளம் பண்ணிக்கோங்க" என்றாள்.

"மையெல்லாம் எதுக்கும்மா? எனக்குக் கண்ணு தெரியாதா?" என்று ஜாக்கி சிரித்தார்.

வேண்டுமென்றால் வேளாவேளைக்கு அவளே வந்து திருகிவிட்டுப் போவாள். அதற்குத் தனிக் கட்டணம். அதற்கு ஜாக்கி சொன்ன பதிலைத்தான் நாம் முதலிலேயே கேட்டுவிட்டோம். காசை மிச்சம் பிடிக்க இன்னொன்றும் செய்தார்கள். வாரா வாரம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தது. "வண்டி நல்லா ஓடறப்ப எதுக்கு பானெட்டைத் திறக்கறது?" என்று ஜாக்கி கேட்க, மகனும் சரியென்று தலையாட்டினான்.

வேளை வந்ததும் ஜாக்கி கட்டிலில் துண்டை விரிப்பார். ஸ்பேனரை ஸ்பிரிட்டில் துடைப்பார். "ரெடியா?" என்பார். "ம்" என்று மகன் பல்லைக் கடித்துக்கொள்வான். வலியை மறக்கடிக்க அவர் பணிமனைக் கதைகளைச் சொல்வார்: மேலதிகாரியின் பேண்ட்டில் கிரீஸ் ஒட்டிய கதை, பிரேக் இல்லாத பஸ்ஸை ஒருவன் காம்பவுண்ட் சுவரில் நிறுத்திய கதை. அம்மா செடி நட்டவள் மாதிரி தினமும் போனில், "இன்னிக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்பாள். அப்பாவும் மகனும் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அந்த வாரங்களில் அவர்கள் இருவரும் —

இந்த வாக்கியத்தை முடித்தால் 'சந்தோஷமாக இருந்தார்கள்' என்று வரும். எலும்பு வெட்டப்பட்டவனைப் பற்றி அப்படி எழுதலாமா என்று தயங்கி விட்டுவிட்டேன். ஆனால் இருந்தார்கள்.

6

மகனின் பாதங்கள் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தன. கட்டைவிரல்கள் மரத்துப்போயின. அப்போதுதான் எக்ஸ்ரே படம் எடுக்கப் போனார்கள்.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எலும்பின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே வெள்ளையாகப் புகை படர்ந்தது போலப் புது எலும்பு தெரிய வேண்டும். அங்கே வெறும் இருட்டு.

"புது எலும்பு வரலை. தினமும் யார் திருகறது?"

"நான்தான் டாக்டர்."

"அளவு தாண்டலையே?"

"இல்லவே இல்ல. முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன்."

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுவும் வித்தியாசமா தெரிஞ்சுதா? கூட இழுத்த மாதிரி?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் படத்தை மறுபடியும் பார்த்தார். "இடைவெளி கொஞ்சம் அதிகமாத்தான் தெரியுது. படம் எடுத்த தூரத்தாலயும் அப்படித் தெரியலாம். நடுவுல படம் எடுத்திருந்தா ஒப்பிட்டுப் பாத்திருப்பேன். வேகமா இழுத்திருந்தா எலும்பு மேல குத்தம் இல்ல. நிறுத்திட்டு, கொஞ்சம் பின்னால திருகினா அது பிடிச்சுக்க வழி இருக்கு. அளவு சரியா இருந்தும் வரலைன்னா, இந்த எலும்புக்கு வளரத் தெம்பு இல்லைன்னு அர்த்தம். அப்ப இடுப்புலேர்ந்து எலும்பு எடுத்து ரெண்டு கால்லயும் வைக்கணும். நீங்க சொல்றதைப் பாத்தா இதுதான். இப்போதைக்குத் திருகறதை நிறுத்துங்க. நாளைக்குக் காலைல வந்து சம்மதம் சொல்லுங்க, தேதி குறிச்சுடலாம்."

லிஃப்ட்டில் இறங்கும்போது மகன், "என் எலும்பே சரியில்லப்பா" என்றான்.

"சேச்சே, அப்படியெல்லாம் பேசாதே" என்றார் ஜாக்கி. சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

7

அறைக்கு வந்து மாத்திரையை எடுத்த மகன் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை.

"எப்பவும் போல இறுக்கிட்டீங்கப்பா" என்று நீட்டினான்.

வீட்டில் இது பழைய கேலி. ஜாக்கி மூடிய டப்பாவை ஜாக்கிதான் திறக்க வேண்டும். அவர் அடைத்த குழாயை அம்மா துணியைச் சுற்றிக்கொண்டுதான் திறப்பாள்.

அவர் திறந்து கொடுத்தார். மகன் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மூடினார். மூடி இறுகியது. இறுகின பிறகு, யாரும் சொல்லாமலே, அவருடைய மணிக்கட்டு இன்னொரு தரம் அசைந்தது.

பணிமனையில் அதற்கு 'கடைசியா ஒரு டைட்' என்று பெயர். நட்டு நன்றாக உட்கார்ந்த பிறகு வைக்கிற ஒரு சின்ன அழுத்தம். அதை மறந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் தனியாகக் கழன்று போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குட்டு வாங்கிப் பழகியது. இத்தனை வருஷத்தில் அது கையோடு ஒட்டிப்போய்விட்டது, மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

ஜாக்கி பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு நட்டிலும், இரண்டு கால்களிலும் அந்த ஒரு டைட். நாலில் ஒரு பங்கோடு நிற்க வேண்டியது நின்றதே இல்லை. தன் வலது கையை யாருடையதோ போலப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ படு."

8

இந்த இடத்தில் ஜாக்கிமேல் எனக்குக் கோபம் வந்தது. 'ஒண்ணுமில்ல' என்றால் என்ன அர்த்தம்? வாயைத் திறந்து சொன்னால் பிள்ளைக்கு இன்னொரு அறுவை சிகிச்சை தப்பும். அவனுடைய இடுப்பு எலும்பைவிட இவருடைய கௌரவம் பெரிதா? எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

பிறகு அவர் இடத்தில் நின்று பார்த்தேன். சொன்னால் மகன் என்ன நினைப்பான்? 'உங்களை மாதிரி இருக்கக் கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்தேன். வந்த இடத்துலயும் நீங்கதானா?' முதலில் உடம்பால், இப்போது கையால். அதுவும் பெருமைப்பட அவருக்கு இருந்த ஒரே விஷயமான அந்தக் கையால். இதை எந்த வாயால் சொல்வது? விடிவதற்குள் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்ல வைத்தும் ஒரு பிரதி எழுதினேன். "என் பையனுக்கு மட்டும் தெரிய வேணாம் டாக்டர்" என்று கெஞ்சினார். "கால் அவரோடது. அவருக்குத் தெரியாம நான் எதையும் செய்ய மாட்டேன்" என்று டாக்டர் மறுத்துவிட்டார். நான் உண்டாக்கிய டாக்டர்தான். நல்ல டாக்டராக அமைந்துவிட்டார், என்ன செய்ய.

நடுவில் ஏஜெண்ட் போன் செய்தார்.

"கட்டுரை என்னாச்சு சார்?"

"கொஞ்சம் சிக்கல்ல நிக்குது."

"கடைசி பாராவுல சிரிச்சாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

9

இதுவரை நான் ஜாக்கியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மகன் மனதுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கூண்டு இருப்பதோ அவன் காலில்.

அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

நர்ஸ் திருகிக் காட்டியபோது இழுவை ஒரு இடத்தில் நின்றது. அப்பா திருகும்போது நின்றுவிட்டு, அதற்கப்புறம் பொட்டளவு நகர்ந்தது. தன் எலும்பிலேயே நடக்கிற விஷயம், அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். முதல் நாளே சொல்ல வாயெடுத்தான். அப்பாவின் முகம் வாடிவிடும் என்று விட்டான். நர்ஸை அமர்த்தினால் கையில் இருப்பது கரைந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டான். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அடியில் கிடந்தது வேறு. கூட நகர்ந்தால் கூட வளரும். சீக்கிரம் முடியும். ஊருக்குச் சீக்கிரம் போகலாம், இன்னும் கொஞ்சம் உயரமாகவே போகலாம். அப்பாவின் தப்பு அவனுக்கு லாபமாகத் தெரிந்தது.

அதனால்தான் டாக்டர் நேருக்கு நேர் கேட்டபோதும் இல்லை என்றான். லிஃப்ட்டில் தன் எலும்பைக் குறை சொன்னது தன்னை மறைத்துக்கொள்ளத்தான். 'பெரியவங்க யாராவது இருக்காங்களா' என்ற அந்தக் கேள்விக்கு அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று நினைத்தால் அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆக, ஒரே அறையில் இரண்டு பேர். அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்பது அவனுக்குத் தெரியாது. மகன் கூரையைப் பார்த்துக்கொண்டும், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டும் படுத்திருந்தார்கள். அன்றைக்குப் பணிமனைக் கதை எதுவும் சொல்லப்படவில்லை.

10

ஏஜெண்டுக்கான முடிவு: 'விமான நிலையத்தில் நெடுநெடுவென்று நடந்து வந்த மகனை அண்ணாந்து பார்த்த அந்தத் தந்தையின் —' போதும்.

ஜாக்கி முதலில் பேசுகிற முடிவு. "என் கைதான்டா காரணம். ஒவ்வொரு தடவையும் கடைசியா ஒரு டைட் வெச்சுட்டேன்டா." டாக்டர் திட்டத்தை மாற்றிவிடுவார், கத்தி தேவைப்படாது. மகன் "எனக்கும் தெரியும்பா" என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். பழி மொத்தமும் அப்பா தலையில் இறங்கியாகிவிட்டது, அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜாக்கி அதற்குப் பிறகு உயிரோடிருக்கும்வரை ஒரு ஸ்பேனரைத் தொடமாட்டார்.

மகன் முதலில் பேசுகிற முடிவு. "நீங்க கூடத் திருகறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. உசரம் ஆகணும்னு நான்தான் சொல்லாம இருந்துட்டேன்." ஜாக்கி "நேத்தே எனக்கும் தெரிஞ்சுபோச்சுடா, பயந்துட்டேன்" என்று சொல்லலாம். அல்லது "ஏன்டா சொல்லித் தொலைக்கல?" என்று கத்திவிட்டு, தனக்குத் தெரிந்ததை அப்படியே விழுங்கிவிடலாம். அப்பன்களுக்கு அது கைவந்த கலை. பேராசைக்குக் கிடைத்த கால் என்று மகன் ஒவ்வொரு அடிக்கும் நினைத்துக்கொண்டே நடப்பான்.

முதலில் பேசுகிறவர் மாட்டிக்கொள்வார். அடுத்தவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கும். இருவரும் நல்லவர்கள்தான். தப்பிக்கக் கதவு திறந்திருக்கும்போது நல்லவர்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் என்ன செய்வேன் என்பதே எனக்குத் தெரியாது.

காலையில் டாக்டர் அறைக்கு வெளியே இருவரும் காத்திருக்கிறார்கள். மகன் சக்கர நாற்காலியில், ஜாக்கி பக்கத்தில் நின்றுகொண்டு. இரண்டு பேருமே தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள்.

"டேய்..."

"அப்பா..."

ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"நீ சொல்லு."

"இல்லப்பா, நீங்க சொல்லுங்க."

"பரவால்ல, நீ முதல்ல சொல்லுடா."

கதவு திறந்தது.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. சோம்பலால் இல்லை, சாமர்த்தியம் காட்டவும் இல்லை. யார் வாயில் முதல் சொல்லை வைத்தாலும் மற்றவரைச் சோதனையில் தள்ளிவிடுகிறேன். அவர் தோற்றுப்போவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. உங்களுக்கு ஒரு அப்பா இருந்திருப்பார், அல்லது ஒரு பிள்ளை இருப்பான். இவர்களை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாராவது ஒருவர் பேசியாக வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள்.